ஆல்பனி எம்பயர்: மூன்று கோப்பை வாங்கியும் இரண்டு முறை மூடப்பட்ட அணி

#1 மலைக்கோட்டை_ரவி

அமெரிக்கன் ஃபுட்பாலின் பெரிய லீகான என்.எஃப்.எல். பற்றிய இழையில் அதன் முன்னாள் நட்சத்திரம் அன்டோனியோ பிரௌன் பேச்சு வந்தபோது ஒருவர் "ஒரு டீமையே வாங்கி இழுத்து மூடினவர்தானே" என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போனார். அந்த டீம் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் இருந்த ஆல்பனி எம்பயர். நான் பக்கத்து ஊரான ஸ்கெனெக்டடியில் இருப்பதால் இதற்குத் தனி இழையே தொடங்கலாம் என்று தோன்றியது. பிரௌன் வந்தது 2023ல். ஆனால் எம்பயர் அதற்கு முன்பே ஒரு முறை மூடப்பட்ட அணி. அதுவும் 2019 ஆகஸ்டில் சாம்பியன் ஆகி, நான்கு மாதம்கூட முடியாத நிலையில்.

தெரியாதவர்களுக்கு ஆட்டத்தைப் பற்றி நாலு வரி. ஐஸ் ஹாக்கி, பாஸ்கெட்பால் நடக்கும் உள்ளரங்கத்தில் செயற்கைப் புல் விரித்து ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால் இது. மைதானம் 50 கெஜ நீளம், வெளி மைதானத்தில் சரிபாதி. அகலம் 85 அடி. பக்கத்துக்கு 11 பேருக்குப் பதில் 8 பேர். பந்தை உதைத்து எதிரணியிடம் தள்ளிவிடும் 'பண்ட்' கிடையாது. எல்லைக் கோட்டுக்குப் பதில் மெத்தை வைத்த தடுப்புச் சுவர். கோல் கம்பங்களின் இரு பக்கமும் பெரிய வலை. கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் 'ஃபீல்டு கோல்' தவறினால் பந்து வலையில் பட்டுத் திரும்பி வரும், ஆட்டம் நிற்காது. ஒரு அணி 50, 60 புள்ளி எடுப்பதெல்லாம் சாதாரணம்.

ஜிம் ஃபாஸ்டர் என்பவர் 1981ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் உள்ளரங்க சாக்கர் பார்த்துக்கொண்டிருந்தபோது யோசனை வந்து, கையில் இருந்த உறையின் மேல் படம் போட்டுப் பார்த்தார். 1987ல் நான்கு அணிகளோடு அரீனா ஃபுட்பால் லீக் தொடங்கியது. ஆட்ட முறைக்கே காப்புரிமை வாங்கி வைத்திருந்தார் மனுஷன்.

ஆல்பனிக்கு இது புதிதில்லை. 1990 முதல் 2000 வரை இங்கே ஃபயர்பேர்ட்ஸ் என்ற அணி இருந்தது. 1999 இறுதியில் ஆர்லாண்டோவை 59-48 என்று சொந்த ஊரிலேயே ஜெயித்தது. அடுத்த சீசன் முடிந்ததும் அணியை இண்டியானாவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் சில வருடம் இரண்டாம் நிலை லீகில் கான்குவெஸ்ட் என்ற அணி. 2018ல்தான் மறுபடி முதல் நிலை அணி வந்தது. அதுதான் எம்பயர்.


#2 கபடிப்பிரியன்

பாதி மைதானம், சுவர், வலை, எட்டு பேர். கேட்கும்போது தெருவில் ஆடுவதற்கு விதி எழுதிய மாதிரி இருக்கிறதே! இதற்கு உண்மையாகவே கூட்டம் வருமா?


#3 மலைக்கோட்டை_ரவி

வரும். 2019 இறுதி ஆட்டத்துக்கு 12,042 பேர். ஆல்பனி மாநகரின் மக்கள்தொகையே சுமார் ஒரு லட்சம்தான்.

டிவியில் பார்த்தால் இது பிடிக்காது, நேரில்தான் பார்க்க வேண்டும். முதல் வரிசைக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் அந்த மெத்தைச் சுவர் மட்டும்தான். ஒரு தடவை மூலையில் எங்களுக்கு நாலு இருக்கை தள்ளி ஒரு ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிக்கிறவர்) பந்தைப் பிடித்த வேகத்தில் சுவரில் மோதி, இடுப்புக்கு மேல் முழுக்க இந்தப் பக்கம் கவிழ்ந்துவிட்டார். ஹெல்மெட் போய் நின்றது ஒரு பாட்டியின் மடியில். பாப்கார்ன் மூன்று வரிசைக்குப் பறந்தது. பாட்டி அவர் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, திருப்பிப் புல் பக்கம் தள்ளிவிட்டார். கூட்டத்துக்குள் விழுந்த பந்து பார்வையாளருக்கே சொந்தம் என்பதால் அதைப் பிடிக்கத் தனியாக ஒரு அடிதடி. ஆட்டம் முடிந்ததும் எல்லோரையும் கீழே இறங்க விடுவார்கள். குழந்தைகள் ஓடிப்போய் வீரர்களிடம் கையெழுத்து வாங்கும். செருப்புக் காலோடு அந்தப் புல்லில் நடந்தால் விரிப்புகள் ஒட்டிய மேடு உள்ளங்காலில் தெரியும். அடியில் வெறும் கான்கிரீட். இதன் மேலா இவர்கள் விழுந்து எழுகிறார்கள் என்று அப்போதுதான் உறைக்கும்.

கபடி ஆளுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், சின்னக் களத்தில் ஒளிய இடமில்லாத ஆட்டம் இது. 2007க்கு முன்பு பெரும்பாலான வீரர்கள் தாக்குதல், தடுப்பு இரண்டும் ஆடியாக வேண்டும் என்ற விதியே இருந்தது.


#4 நியூஜெர்சி_செல்வி

ரவி, பிரௌன் விஷயத்தில் ஒரு பெரிய சங்கதியை விட்டுவிட்டீர்கள். அவர் ஏன் ஆல்பனிக்கு வந்தார்? அவருடைய அப்பா எட்டி பிரௌன். 1994லிருந்து ஃபயர்பேர்ட்ஸ் அணியின் நட்சத்திரம், 'டச்டவுன் எட்டி' என்றுதான் பெயரே. 1999 கோப்பை அணியிலும் அவர் உண்டு. 2006ல் அரீனா லீக் தன் 20 வருட வரலாற்றின் சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதலிடம் கொடுத்தது அவருக்கு. மேலே சொன்ன 12,000 பேரில் பாதிப் பேருக்கு பிரௌன் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அப்பாதான், மகன் இல்லை.

ஆக, எங்கிருந்தோ வந்த பணக்காரர் பொழுதுபோகாமல் ஒரு டீமை வாங்கின கதை இல்லை இது. அப்பா பெயர் சொன்ன அரங்கத்துக்கு மகன் ஓனராக வருகிறார். 2023 வசந்தத்தில் அந்த ஊருக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கும்!


#5 சும்மா_ஒருத்தன்

அப்பா சேர்த்த நல்ல பேரை மகன் ஒரே சீசனில் செலவு பண்ணிட்டார். நம்ம ஊர் சினிமா வாரிசுகள் எல்லாம் எவ்வளவோ தேவலை.


#6 கணக்குப்பிள்ளை

பிரௌனுக்குப் பிறகு வருவோம். எனக்கு 2019தான் முக்கியம். ஒரு அணி லீகிலேயே முதலிடம், அரங்கம் நிறைகிறது, கோப்பை வாங்குகிறது. அப்படியும் அணியே இல்லாமல் போகிறது. எப்படி?

ரவி, அந்த வருடம் லீகில் மொத்தம் எத்தனை அணி?


#7 மலைக்கோட்டை_ரவி

2019ல் ஆறு. அதற்கு முந்தைய வருடம் வெறும் நான்கு.

அந்த நான்கு அணி வருடத்தைச் சொல்லாமல் போக முடியாது. 2017 முடிவில் டாம்பா பே ஸ்டார்ம் மூடப்பட்டது. 1987ல் லீகின் முதல் ஆட்டத்தை நடத்திய பிட்ஸ்பர்க் கிளாடியேட்டர்ஸ்தான் பின்னாளில் இடம் மாறி ஸ்டார்ம் ஆனது. அதாவது லீகின் வேரே போய்விட்டது. கிளீவ்லாந்தும் விலகிக்கொண்டது. மிச்சம் ஃபிலடெல்பியா, பால்டிமோர், வாஷிங்டன், புதிதாக வந்த ஆல்பனி. இதில் பால்டிமோருக்கும் வாஷிங்டனுக்கும் ஒரே ஓனர், டெட் லியோன்சிஸின் நிறுவனம்.

அணி நான்கு என்பதால் நான்குக்கும் அரையிறுதி. முதல் வருடத்திலேயே எம்பயர் 12 ஆட்டத்தில் 8 வெற்றி, பட்டியலில் முதலிடம். வாஷிங்டன் வேலர் 12ல் 2 வெற்றி, கடைசி இடம். அரையிறுதி இரண்டு ஆட்டம், மொத்தப் புள்ளியைக் கூட்டி முடிவு. அதில் கடைசி இடம் முதலிடத்தை வெளியே அனுப்பியது. பிறகு வாஷிங்டன் இறுதியில் பால்டிமோரை 69-55 என்று ஜெயித்துக் கோப்பையையும் வாங்கிக்கொண்டது. இரண்டே வெற்றியோடு வந்த அணி சாம்பியன்! ஜெயித்தாலும் தோற்றாலும் கோப்பை லியோன்சிஸ் வீட்டுக்குத்தான்.

எங்கள் ஊர்க்காரர்கள் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

2019ல் அதற்கு வட்டியோடு வசூல் செய்தார்கள். பயிற்சியாளர் ராப் கீஃப், குவார்ட்டர்பேக் (பந்தை எறிகிறவர்) டாமி கிரேடி. கிரேடி ஆறடிக்கு மேல் நல்ல உயரம், தடுப்பாளர்கள் தலைக்கு மேல் பார்த்து எறிகிறவர். ஆகஸ்ட் 11 இறுதியில் ஃபிலடெல்பியா சோல் அணியை 45-27 என்று ஜெயித்தார்கள். அந்தக் கோடையில் ஆல்பனி கடைத்தெருவில் பாதிப் பேர் எம்பயர் பனியன்தான் போட்டிருந்தார்கள்.


#8 கணக்குப்பிள்ளை

சரி, இப்போது பணத்துக்கு வருவோம்.

அக்டோபர் கடைசியில் லீக் எல்லா ஊர் அலுவலகங்களையும் மூடியது. நவம்பர் 27ல் சேப்டர் 7 திவால் மனு. சேப்டர் 7 என்றால் சீரமைப்பு எல்லாம் இல்லை, இருப்பதை விற்றுக் கடன்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கடையைச் சாத்துவது. அப்போது செய்திகளில் வந்த முக்கியக் காரணம், வீரர்களின் காயத்துக்கான தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டில் பாக்கி என்று பழைய காப்பீட்டு நிறுவனம் போட்ட பல மில்லியன் டாலர் வழக்கு.

ரவி சொன்ன கான்கிரீட் தரையை இதோடு சேர்த்துப் பாருங்கள். வேலை பார்க்கிற ஒவ்வொருவரும் வாராவாரம் சுவரில் மோதுகிற தொழில். அதற்குப் பிரீமியம் எவ்வளவு வரும்? சம்பளம் குறைவுதான், ஆனால் காயத்துக்கு ஆகும் செலவு சம்பளத்தைப் பார்த்து வருவதில்லை. முழங்கால் அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனை பெரிய லீக், சின்ன லீக் என்று பிரித்துப் பில் போடாது. என்.எஃப்.எல். அணிக்கு ஒரு டிக்கெட்கூட விற்காவிட்டாலும் டிவி பணம் இருக்கிறது. இவர்களுக்கு அது இல்லை. டிக்கெட், உள்ளூர் விளம்பரம், சட்டை விற்பனை, அவ்வளவுதான். அதிலிருந்து அரங்க வாடகை, பயணம், காப்பீடு எல்லாம் கட்ட வேண்டும். கோடையில் ஹாக்கி இல்லாமல் அரங்கம் காலியாகக் கிடக்கும், வாடகை குறைவாகக் கிடைக்கும் என்பதால்தான் இந்த ஆட்டமே கோடையில் நடக்கிறது.

இதில் ஆல்பனி எவ்வளவு நன்றாக நடந்தாலும் பயனில்லை. ஆறு பேர் சேர்ந்து எடுத்த சீட்டில் நாம் ஒழுங்காகக் கட்டினால் மட்டும் போதுமா? இதே லீக் 2009 சீசனை ரத்து செய்துவிட்டு அந்த வருடமே ஒரு முறை திவாலானதுதான். 2010ல் வேறு ஆட்கள் பெயரை வாங்கி மறுபடி நடத்தினார்கள்.


#9 ஸ்கார்பரோ_தம்பி

ரவி அண்ணை, நீங்கள் சொல்லுற கதை எங்களுக்கும் கொஞ்சம் பழக்கம். டொரண்டோவிலும் ஃபான்டம்ஸ் எண்டு ஒரு அரீனா அணி இருந்தது, 2001, 2002 இரண்டே சீசன். ஏர் கனடா சென்டரில் விளையாடினவை. அதுக்கு முன்னம் அதே அணி ஹார்ட்ஃபோர்டில் சீ வுல்வ்ஸ் எண்டும், அதுக்கும் முன்னம் நியூயார்க்கில் சிட்டிஹாக்ஸ் எண்டும் இருந்தது. மூண்டு ஊர், மூண்டு பேர், ஆறு சீசன்!

எனக்கு ஒரு சந்தேகம். லீக் 2019ல் செத்துப் போச்செண்டால் எம்பயர் எப்படி 2023 வரைக்கும் வந்தது?


#10 மலைக்கோட்டை_ரவி

தம்பி, 2021ல் நேஷனல் அரீனா லீக் என்ற வேறு லீகில் புதிய அணியாகச் சேர்ந்தது. பழைய ஓனர்கள் இல்லை. மைக் க்வார்டா என்ற உள்ளூர்த் தொழிலதிபர் பணம் போட்டார், டாம் மேனஸ் பயிற்சியாளர். பெயர் எம்பயர், அரங்கம் அதே அரங்கம். சட்டப்படி வேறு நிறுவனம், ஆனால் கூட்டத்துக்கு அதே அணி.

என்.ஏ.எல். இன்னும் சின்ன லீக், பயணமெல்லாம் தெற்குப் பக்கம்: ஜாக்சன்வில், கொலம்பஸ் (இது ஜார்ஜியாவில் இருக்கும் கொலம்பஸ்), கரோலினா. முதல் வருடமே, 2021ல், கொலம்பஸ் லயன்ஸை ஜெயித்துச் சாம்பியன். 2022ல் கரோலினா கோப்ராஸை ஜெயித்து மறுபடியும் சாம்பியன். 2019ஐச் சேர்த்தால் ஆல்பனி எம்பயர் என்ற பெயர் அதுவரை களமிறங்கிய கடைசி மூன்று சீசனிலும் கோப்பை.

பிறகு 2023.


#11 நியூஜெர்சி_செல்வி

2023ஐ நான் சொல்கிறேன், பிரௌன் ரசிகர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள்: நான் அவர் முதலில் ஆடிய என்.எஃப்.எல். அணியான பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் ரசிகை, எனக்கும் இதில் வலி உண்டு. 2010ல் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்'டில், ஆறாவது சுற்றில், 195வது ஆளாக எடுத்த பிரௌன் 2013 முதல் 2018 வரை ஆறு சீசன் தொடர்ந்து நூறு பந்துக்கு மேல் பிடித்தார். அவர் இருந்த காலத்தில் அவரைவிடச் சிறந்த ரிசீவர் கிடையாது என்பது என் கட்சி. பிறகு டாம்பா பே அணியில் என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் ஜெயித்தார். 2022 ஜனவரி 2ல் ஜெட்ஸ் அணியோடு ஆடிக்கொண்டிருந்தபோதே சட்டையைக் கழற்றி வீசிவிட்டு மைதானத்தைக் குறுக்கே கடந்து போனார். என்.எஃப்.எல். வாழ்க்கை அன்றோடு முடிந்தது.

2023 மார்ச்சில் எம்பயரில் பங்குதாரராக வந்தார். ஏப்ரலுக்குள் பெரும்பான்மை ஓனர். தானே ஆடுவேன் என்று அறிவித்துத் தன்னையே ஒப்பந்தமும் செய்துகொண்டார். டிக்கெட் விற்றது. ஆனால் களத்தில் இறங்கவே இல்லை. பயிற்சியாளர்கள் மாறினார்கள், வீரர்கள் கிளம்பினார்கள், சம்பளம் தாமதம் என்று செய்திகள் வந்தன. இரண்டு முறை சாம்பியனான அணி வாராவாரம் தோற்றது. லீகுக்குக் கட்ட வேண்டிய மாதப் பணமும் வரவில்லை. அதோடு லீக் அவருக்கு 1,000 டாலர் அபராதமும் போட்டது. ஜூன் 15ல் மற்ற ஓனர்கள் அவசரமாகத் தொலைபேசியில் கூடிப் பேசி, சீசன் நடுவிலேயே எம்பயரின் உறுப்பினர் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். காரணமாகச் சொன்னது பணம் கட்டாததுதான்.

ஆயிரம் டாலர் அபராதத்தைக் கவனியுங்கள். ஒரு காலத்தில் ஒரு பந்து பிடித்தால் அதைவிடப் பல மடங்கு சம்பாதித்தவர்.


#12 சும்மா_ஒருத்தன்

அப்போ 2019ல் கொன்றது காப்பீடு, 2023ல் கொன்றது பிரௌன். வழக்கு முடிந்தது. அடுத்த இழை.


#13 கணக்குப்பிள்ளை

முடியவில்லை. பிரௌனை நான் காப்பாற்ற வரவில்லை. ஆனால் மார்ச்சில் வந்த ஒருவர் ஜூனுக்குள் ஒரு அணியைக் காணாமல் போகச் செய்ய முடிந்தது என்றால், அந்த அணி எதன் மேல் நின்றது?

அரங்கம் வாடகை. வீரர்கள் வாராவாரம் மாறுகிறவர்கள். அணிக்கு என்று சொந்தமாக இருந்தது லீகில் ஒரு இருக்கையும் ஒரு பெயரும். மாதப் பணம் நின்றால் இருக்கை போகும், இருக்கை போனால் மறுநாள் ஆட எதிரணி கிடையாது. சாம்பியன் என்பதற்கு இந்த ஏற்பாட்டில் ஒரு பைசா மதிப்பில்லை. இரண்டு மூடலிலும் நடந்தது இதேதான். முதல் தடவை லீக் போய் அணி போனது, இரண்டாம் தடவை லீக் இருந்து அணியை வெட்டியது.


#14 நியூஜெர்சி_செல்வி

ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே ஏற்பாட்டில்தான் 2021லும் 2022லும் எம்பயர் நடந்தது. அப்போதும் வாடகை அரங்கம், அப்போதும் மாதப் பணம். கட்டுகிற ஆள் ஒழுங்காகக் கட்டினார், அணி ஓடியது. ஆள் மாறியதும் நின்றது. அமைப்பு, அமைப்பு என்று சொல்லிச் சொல்லி மனிதர்கள் செய்ததை மறைக்கக் கூடாது. சம்பளத்துக்குக் காத்திருந்தவர்களிடம் போய் "இது கட்டமைப்புச் சிக்கல்" என்று சொல்லிப் பாருங்கள்.

ஜாக்சன்வில் ஷார்க்ஸைப் பாருங்கள். 2010ல் தொடங்கி, அரீனா லீகில் 2011ல் சாம்பியன். அது சரியும் என்று தெரிந்ததும் 2017ல் என்.ஏ.எல்.லுக்கு மாறினார்கள், பிறகு 2024ல் இண்டோர் ஃபுட்பால் லீக் (ஐ.எஃப்.எல்.) என்ற இன்னொரு லீகுக்குப் போனார்கள். லீக் மாறிக்கொண்டே அணியைக் காப்பாற்றிய ஆட்களும் இருக்கிறார்கள்.


#15 கணக்குப்பிள்ளை

ஷார்க்ஸ் நல்ல உதாரணம்தான். ஆனால் அது என் பக்கத்துக்குச் சாட்சி சொல்கிறது. பிழைக்க வேண்டும் என்றால் லீகை நம்பக் கூடாது, மூழ்குவதற்கு முன்னால் குதித்துவிட வேண்டும் என்பதுதானே அவர்கள் செய்தது?


#16 கபடிப்பிரியன்

இரண்டு பேரும் அடித்துக்கொள்ளுங்கள். ரவி, இப்போது அந்த அரங்கத்தில் என்ன நடக்கிறது? ஒன்றுமே இல்லையா?


#17 மலைக்கோட்டை_ரவி

இருக்கிறது, அதுவும் ஒரு கூத்து.

2024ல் யாரோ அரீனா ஃபுட்பால் லீக் பெயரை மறுபடி எடுத்து 16 அணி என்று பெரிதாக அறிவித்தார்கள். ஆல்பனியில் அதே க்வார்டா மறுபடி பணம் போட்டார். இந்த முறை எம்பயர் வேண்டாம் என்று பழைய ஃபயர்பேர்ட்ஸ் பெயரையே எடுத்துக்கொண்டார். சரியான முடிவு என்பேன். பயிற்சியாளர் டேமன் வேர், 2023ல் எம்பயரில் அந்தக் குழப்பத்தைப் பார்த்தவர்.

சீசன் தொடங்கிச் சில வாரத்திலேயே அணிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கமிஷனரை மாற்றிவிட்டு, முன்னாள் என்.எஃப்.எல். பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷரைப் பொறுப்பில் உட்கார வைத்தார்கள். இறுதி ஆட்டம் எங்கே நடந்தது தெரியுமா? நியூஜெர்சியில் ஒரு ஷாப்பிங் மாலுக்குள் இருக்கும் ஐஸ் ஸ்கேட்டிங் தளத்தில். செல்வி வீட்டுக்குப் பக்கம்தான். அதில் மொன்டானாவிலிருந்து வந்த பில்லிங்ஸ் அவுட்லாஸிடம் 46-41 என்று தோற்றோம்.

அந்த லீகும் அத்தோடு சரி. மிச்சம் நின்ற அணிகள் சேர்ந்து அரீனா ஃபுட்பால் ஒன் என்று 2025ல் புதிதாகத் தொடங்கின. கணக்குப்பிள்ளை சந்தோஷப்படுவார், இந்த முறை ஃபயர்பேர்ட்ஸ் மூழ்குவதற்கு முன்னால் குதித்தது. அந்த வருடக் கோப்பையும் ஆல்பனிக்குத்தான்.


#18 சும்மா_ஒருத்தன்

கோப்பை வாங்கிட்டாங்களா? அப்போ சீக்கிரம் மூடிடுவாங்க.


#19 நியூஜெர்சி_செல்வி

😂 வாயைக் கழுவுங்கள்.

ரவி, அந்த மால் ஆட்டத்துக்கு நான் போயிருந்தேன். ஹாக்கி தளத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிதாகத் தெரிந்தது. மாடியில் துணிக்கடைப் பைகளோடு நின்று எட்டிப் பார்த்தவர்களுக்குக் கீழே என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. ஒரு அம்மா என்னிடம் "இது ஏதாவது ஷூட்டிங்கா?" என்று கேட்டார். ஆனால் ஆல்பனியிலிருந்து பஸ் பிடித்து வந்த கூட்டம் போட்ட சத்தத்தில் கண்ணாடி அதிர்ந்தது.


#20 ஸ்கார்பரோ_தம்பி

எல்லாருக்கும் நன்றி. ஃபான்டம்ஸுக்கு ஒரு தனி இழை தொடங்கட்டோ? பழைய டிக்கெட் ஒண்டும் நிகழ்ச்சி மலரும் வீட்டில் கிடக்குது, படம் எடுத்துப் போடுறன்.


#21 மலைக்கோட்டை_ரவி

தொடங்குங்கள் தம்பி. சிட்டிஹாக்ஸில் இருந்தே ஆரம்பியுங்கள். ஃபாஸ்டர் உறையில் படம் போட்ட அதே மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அந்த அணி இரண்டு சீசனுக்கு மேல் தாக்குப்பிடிக்காமல் ஹார்ட்ஃபோர்டுக்கு ஓடியது ஏன் என்று கணக்குப்பிள்ளையை விட்டே எழுதச் சொல்லலாம். டிக்கெட் படத்தில் விலை தெரிகிற மாதிரி எடுங்கள்.